கஞ்சாவும் ஞாபக சக்தியும்

சமீப வருஷங்களில் தமிழ்நாட்டுப் பெற்றோரின் கவலைகளில் கஞ்சாவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. பண்டாரங்களும் பரதேசிகளும் சத்திரத்துத் திண்ணையில் புகைக்கும் வஸ்து என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது, இன்று பள்ளிக்கூடத்துக்கும் கலாசாலைக்கும் பக்கத்திலேயே பொட்டலம் பொட்டலமாகக் கைமாறுகிறது. 2021-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் தமிழ்நாட்டுப் போலீஸார் ‘கஞ்சா வேட்டை’ என்றே பெயர் சூட்டி, ஒரு மாத காலம் மாநிலமெங்கும் சோதனை நடத்தினார்கள். ஆயினும் ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் சரக்கு நின்றபாடில்லை. பிடித்த மூட்டைகளின் எடையும் பிடிபட்டவர்களின் தொகையும் பத்திரிகைகளில் வந்துகொண்டேயிருக்கின்றன. அந்தப் பொட்டலத்தை வாங்கிய பையனின் மூளைக்கு என்ன நேருகிறது என்பதை மாத்திரம் நமது ஜனங்களுக்கு விவரமாக எடுத்துச் சொல்வாரைக் காண்பது அரிதாயிருக்கிறது. அக்குறையை ஒருவாறு நீக்குவதே இன்று நமது நோக்கம்.

இது விஷயமாக நாட்டில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு முறை புகைத்தவன் பைத்தியமாகிவிடுவான், அவன் மூளை உருகிப் போகும் என்று பயமுறுத்துவது ஒரு கட்சி. இது பச்சிலை, பரமசிவனுக்கு உகந்த மூலிகை, மேல்நாட்டாரே சட்டப்படி அனுமதித்துவிட்டார்கள், இதனால் யாதொரு கெடுதியுமில்லை என்பது மற்றொரு கட்சி. முன்னதைப் பெரும்பாலும் பெரியவர்கள் பேசுகிறார்கள். பின்னதைச் சிநேகிதர் சொல்லக் கேட்டும் கைபேசியில் பார்த்தும் வாலிபர்கள் பேசுகிறார்கள். இரு திறத்தாரும் சாக்ஷியங்களைப் பரிசீலனை செய்யாமலே தீர்ப்புச் சொல்லுகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். பரிசீலித்தால் தெரிய வருவது இதுதான்: கஞ்சா மூளையின் சக்திகளுள் ஞாபக சக்தியை வெகு சீக்கிரத்தில் தொடுகிறது. வயது முதிர்ந்தவரிடம் அந்தக் கெடுதி பெரும்பாலும் அளவானது, விட்டால் தேறக்கூடியது. வளரும் வயதில் தினந்தோறும் புகைப்பவனுக்கோ அது வாழ்க்கையையே திசை மாற்றக்கூடியது. இந்த உண்மையைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல வேண்டும். சொல்லிய பிறகு, அகப்பட்ட பையனுக்குச் சிறைச்சாலையைக் காட்டாமல் வைத்தியசாலையைக் காட்ட வேண்டும். இவ்விரண்டையும் ருசுப்படுத்த முயலுவோம்.

கஞ்சாவைப் பற்றி உலகத்தில் முதன் முதலாகப் பெரிய அளவில் நடந்த விசாரணை நமது தேசத்திலேயே நடந்ததென்பதை நேயர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1893-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில், மதுவிலக்கில் பற்றுள்ளவரான டபிள்யூ. எஸ். கேயின் என்ற அங்கத்தினர் எழுப்பிய கேள்வியின் பலனாக, ‘இண்டியன் ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன்’ என்ற விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. மாக்வர்த் யங் என்பவர் தலைமையில் இருந்த ஏழு அங்கத்தினரில் மூவர் இந்தியர். சென்னை உட்பட மாகாணங்கள் தோறும் சென்று ஆயிரத்துக்கு மேற்பட்ட சாக்ஷிகளை அவர்கள் விசாரித்தார்கள். அவர்களுடைய அறிக்கை பல பாகங்களாக 1894-ல் வெளியாயிற்று. மிதமாக உபயோகிப்பவர்களுக்கு உடலிலோ புத்தியிலோ குறிப்பிடத்தக்க தீமை உண்டாவதாகத் தெரியவில்லை, மிதமிஞ்சி உபயோகிப்பதே தீமை தருகிறது, ஆகையால் அடியோடு தடை செய்யாமல் வரியும் லைசென்ஸும் வைத்துக் கட்டுப்படுத்தினால் போதும் என்பதே அவர்கள் முடிவின் சாரம்.

அந்தக் கமிஷன் செய்த ஒரு வேலையை இன்றும் பாராட்ட வேண்டியிருக்கிறது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் ரிஜிஸ்தர்களை அவர்கள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். 1892-ம் வருஷத்தில் சேர்க்கப்பட்டவர்களில் 222 பேருக்குச் சித்தப்பிரமை உண்டானதற்குக் காரணம் கஞ்சா முதலியவை என்று எழுதப்பட்டிருந்தது. எழுதினவர் யார், எந்த ஆதாரத்தைக் கொண்டு எழுதினார் என்று கேட்டபோது, நோயாளியைக் கொண்டு வந்து விட்ட போலீஸார் தங்கள் காகிதத்தில் கண்டிருந்ததையே ஆஸ்பத்திரி அதிகாரிகள் பல தடவைகளில் அப்படியே நகல் செய்துகொண்டிருந்தது வெளியாயிற்று. துருவி விசாரித்த பின் பாதிக்கும் குறைவான கேஸ்களையே கமிஷனார் ஒப்புக்கொண்டார்கள். குறுக்கு விசாரணைக்கு நில்லாத சாக்ஷியத்தை எவ்வளவு பேர் திருப்பிச் சொன்னாலும் அது சாக்ஷியமாகாது என்பதற்கு இதனிலும் நல்ல திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

ஆனால் 1894-ம் வருஷத்து அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, கஞ்சா அன்றே குற்றமற்றதென்று தீர்ப்பாகிவிட்டதாக இன்று வாதாடுகிறவர்கள் இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறார்கள். கமிஷனை நியமித்த சர்க்கார் கஞ்சாவின் மேல் வரி வாங்கிக்கொண்டிருந்த சர்க்கார் என்பது ஒன்று. வரி வாங்கும் கையே துலாக்கோலையும் பிடித்திருந்ததை நாம் மறப்பதற்கில்லை. அதைக் காட்டிலும் முக்கியமானது, பைத்தியம் பிடித்ததா, உடல் நலிந்ததா, குற்றம் செய்தானா என்பவற்றை மாத்திரமே அக்காலத்தில் விசாரிக்க முடிந்தது என்பது. ஒருவனுடைய ஞாபக சக்தியை அளந்து, பத்து வருஷத்துக்குப் பின் அதே மனிதனை மறுபடியும் அளந்து, குறைந்ததா கூடியதா என்று பார்க்கும் முறை அன்று ஏற்பட்டிருக்கவில்லை. ஞாபகக் குறைவு கண்ணுக்குத் தெரியும் புண் அன்று. அதை உடையவனே அறியாதிருக்கக்கூடும்.

கஞ்சாவிலுள்ள மயக்கும் சத்து எது என்பதே 1964-ம் வருஷத்தில்தான் தெளிவாயிற்று. இஸ்ரேல் தேசத்து ரசாயன நிபுணர்களான ரஃபேல் மெச்சூலம், காவோனி ஆகிய இருவரும் அச்சத்தைத் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தார்கள். டெட்ராஹைட்ரோகன்னபினால் என்பது அதன் நீண்ட பெயர், டி.எச்.ஸி. என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். 1988-ல் அமெரிக்காவில், மூளையின் நரம்பணுக்களில் இந்தச் சத்து வந்து பொருந்தும் இடங்கள் உண்டு என்பது நிரூபிக்கப்பட்டது. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி பொருந்துவதைப் போன்றது இது. எங்கோ விளையும் செடியின் சாவிக்கு மனிதன் மூளையில் பூட்டு இருப்பானேன் என்ற கேள்வி உடனே எழுந்தது. அதற்கு விடை 1992-ல் கிடைத்தது. அந்தப் பூட்டுக்கு உரிய சொந்தச் சாவியை மூளையே தயாரித்துக்கொள்கிறது. ஜெருஸலம் நகரத்து ஆராய்ச்சிச்சாலையில் அதைக் கண்டுபிடித்தவர்கள், நமது நாட்டு ‘ஆனந்தம்’ என்ற சொல்லையே எடுத்து ‘ஆனந்தமைட்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இந்தச் சொந்தச் சரக்கை மூளை எப்படி உபயோகிக்கிறது என்பதைக் கவனித்தால், கஞ்சா செய்யும் காரியம் எளிதில் விளங்கும். ஒரு நரம்பணு மற்றொன்றுக்குச் செய்தி அனுப்புகிறது. செய்தி மிகுந்துபோனால், பெற்றுக்கொள்ளும் அணுவானது இந்தப் பொருளைச் சிறிதளவு உண்டாக்கி, அனுப்பிய அணுவுக்கே திருப்பி விட்டு, ‘போதும், சற்று நிறுத்து’ என்று அடக்குகிறது. வேண்டிய இடத்தில், வேண்டிய க்ஷணத்தில், வேண்டிய அளவு மட்டும் நடக்கும் ஏற்பாடு இது. வேலை முடிந்ததும் அந்தப் பொருள் அங்கேயே கரைந்துபோகிறது. கஞ்சாப் புகையிலிருந்து வரும் டி.எச்.ஸி.யோ இடம், காலம், அளவு ஒன்றும் பாராமல் மூளை முழுதிலும் பரவி எல்லாப் பூட்டுகளையும் ஏககாலத்தில் திறந்துவிடுகிறது. சீக்கிரத்தில் கரைவதும் இல்லை. வாய்க்கால் மடையை நீர்ப்பாய்ச்சி அளவறிந்து திறப்பதற்கும், ஏரிக் கரை உடைப்பெடுப்பதற்கும் உள்ள பேதம் இதில் இருக்கிறது.

அந்தப் பூட்டுகள் மிகவும் அடர்ந்திருக்கும் இடங்களில் ஒன்று ‘ஹிப்போகாம்பஸ்’ என்ற பாகம். கடல் குதிரை போன்று வளைந்து, காதுக்கு நேரே உள்ளடங்கி, இரு பக்கத்திலும் ஒவ்வொன்றாக இருக்கிறது. புதிதாகக் கேட்டதையும் பார்த்ததையும் நிலையான ஞாபகமாகப் பதிய வைக்கும் வேலை பெரும்பாலும் இதைச் சேர்ந்தது. கச்சேரிகளில் குமாஸ்தா ஒருவர் வரும் காகிதங்களையெல்லாம் தேதி போட்டுக் கட்டி அலமாரியில் சேர்ப்பதைப் போல, இது அன்றன்றைய அனுபவங்களைச் சேர்த்து வைக்கிறது. கஞ்சாவின் மயக்கத்தில் இருக்கும்போது இந்தக் குமாஸ்தா தூங்கிவிடுகிறார். அலமாரியில் முன்னரே இருக்கும் கட்டுகளுக்குப் பெரிய மோசம் ஒன்றும் வராது. ஆகையால்தான் கஞ்சா புகைத்தவனுக்குத் தன் ஊர், தாய் தந்தையர், சிறு வயதுக் கதைகள் எல்லாம் நினைவில் இருக்கின்றன. அன்று வந்த காகிதங்களே தரையில் சிதறிப் போகின்றன. பேச ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கு முன் எதைப் பற்றிப் பேச வந்தோம் என்று அவன் விழிப்பதன் காரணம் இதுவே.

புகைத்துவிட்டு உட்கார்ந்தால் மனம் ஒருமுகப்படுகிறது, படிப்பு ஓடுகிறது என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை பரவியிருப்பதாகச் சொல்லுகிறார்கள். இதைப் போன்ற ஏமாற்றம் வேறில்லை. படிக்கும்போது எல்லாம் விளங்குவதாகவும் அபூர்வமான எண்ணங்கள் உதிப்பதாகவும் தோன்றுவது உண்மையாயிருக்கலாம். ஆனால் விளங்குவது வேறு, பதிவது வேறு. சொற்களின் பட்டியலை வாசித்துக் காட்டிச் சிறிது நேரத்துக்குப் பின் திருப்பிச் சொல்லச் சொல்லும் எளிய பரீக்ஷையில், மயக்கத்திலிருப்பவர்கள் குறைவாகவே சொல்லுகிறார்கள் என்பது பன்முறை பரிசோதித்து அறியப்பட்டது. அது மாத்திரமல்ல, பட்டியலில் இல்லாத சொல்லை இருந்ததாகச் சாதிப்பதும் உண்டு. பரீக்ஷைக்குப் படிக்கும் பையன் இதைத் தெரிந்துகொண்டால், வேறு எந்த உபதேசமும் இல்லாமலே பாதி திருந்திவிடுவான்.

மயக்கம் சில மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறது. பிறகு என்ன என்று கேட்கலாம். டி.எச்.ஸி. எண்ணெயில் கரையும் இயல்புடையது. ஆதலால் உடம்பின் கொழுப்பில் தங்கி, மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறுகிறது. தினந்தோறும் புகைப்பவனுக்கு முதல் நாளையச் சரக்கு நீங்கு முன்பே மறுநாளையச் சரக்கு சேர்ந்துவிடுகிறது. ஓயாமல் தட்டப்படும் பூட்டுகளில் பலவற்றை மூளை தானே அகற்றிவிடுகிறது. 2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தினசரி புகைப்பவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது பூட்டுகள் குறைந்திருந்தது தெரிந்தது. அவர்களே சுமார் நான்கு வாரம் நிறுத்திய பின் மறுபடியும் எடுத்த படத்தில் அவை பெரும்பாலும் திரும்பி வந்திருந்தன.

இந்த இரண்டாவது செய்தியை நாம் வேண்டுமென்றே அழுத்திச் சொல்லுகிறோம். 2001-ம் வருஷத்து அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், ஆயிரக்கணக்கான தடவை புகைத்த வயது வந்தவர்களை நிறுத்தச் செய்து சோதித்தார்கள். முதல் வாரம் வரையில் ஞாபகக் குறைவு காணப்பட்டது. 28-ம் நாளில் மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2018-ல் 16 வயது முதல் 25 வயது வரையுள்ள 88 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், நிறுத்தியவர்களின் ஞாபக சக்தி ஒரு வாரத்துக்குள்ளேயே தேறத் தொடங்கியது. ‘ஐயோ, கெட்டது கெட்டதுதான், இனி விட்டென்ன பயன்’ என்று சோர்ந்து மேலும் புகைக்கும் வாலிபனுக்கு இதைவிட நல்ல மருந்து வேறு உண்டோ? மூளை உருகிப் போய்விட்டது என்று அவனைப் பயமுறுத்துகிறவர்கள், அவன் திரும்பி வரும் வழியைத் தாங்களே அடைக்கிறார்கள்.

நெடுங்காலப் பழக்கத்தின் பலனையும் பார்ப்போம். அமெரிக்காவில் நான்கு நகரங்களைச் சேர்ந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை 25 வருஷ காலம் தொடர்ந்து கவனித்து, 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 15 சொற்களை வாசித்து நினைவு கூறச் சொன்னபோது, ஐந்து வருஷம் தினசரி புகைத்த பழக்கத்துக்கு ஈடாக, இருவரில் ஒருவருக்கு ஒரு சொல் வீதம் குறைந்தது. இது பெரிய நஷ்டம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நஷ்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. வயது முதிர்ந்தவரின் விஷயத்தில் தராசு இவ்வளவே சாய்கிறது.

வளரும் வயதினரின் விஷயம் வேறு. மனிதனுடைய மூளை 18 வயதில் முடிந்துவிடும் கட்டிடமன்று. யோசித்துத் தீர்மானிக்கும் முன்பாகம் இருபத்தைந்து வயதையொட்டியே பக்குவமடைகிறது. வேண்டாத இணைப்புகளைக் கழித்து, வேண்டியவற்றை உறுதிப்படுத்தும் அந்த வேலையில் நாம் முன்பு கூறிய சொந்தச் சரக்குக்கும் பங்கு உண்டு. கொத்தன் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கும்போது அவனுடைய தூக்குநூலை ஆட்டிவிடுவது போல, அந்தப் பருவத்தில் கஞ்சா குறுக்கிடுகிறது. நியூஜீலாந்து தேசத்து டுனீடின் நகரத்தில் 1972, 73 வருஷங்களில் பிறந்த 1,037 குழந்தைகளை வாழ்நாள் முழுதும் தொடர்ந்து வரும் ஆராய்ச்சி உலகப் பிரசித்தமானது. அவர்கள் கஞ்சாவைத் தொடுவதற்கு முன் சிறு வயதிலும், பிறகு 38-ம் வயதிலும் புத்தி அளவு எடுக்கப்பட்டது. இளம் பருவத்தில் ஆரம்பித்து விடாமல் தொடர்ந்தவர்கள் சராசரி எட்டுப் புள்ளி வரையில் இழந்திருந்தார்கள் என்றும், வயது வந்த பிறகு ஆரம்பித்தவர்களிடம் அத்தகைய வீழ்ச்சி இல்லை என்றும், இளமையில் ஆரம்பித்தவர்கள் பின்னர் விட்டபோதிலும் இழந்தது முழுதும் திரும்பவில்லை என்றும் 2012-ல் அறிக்கை வெளியாயிற்று.

எதிர்க்கட்சிச் சாக்ஷியத்தையும் மறைக்காமல் சொல்வது நமது கடமை. 2016-ல் அமெரிக்காவில் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. இரட்டையரில் ஒருவர் புகைத்து மற்றவர் புகைக்காதிருந்த இடங்களில், இருவருக்கும் புத்தி அளவில் ஏறக்குறைய ஒரே மாதிரியான மாறுதல் காணப்பட்டது. ஆகையால் வீழ்ச்சிக்குக் காரணம் குடும்பமும் வறுமையும் சேர்க்கையுமே, கஞ்சாவன்று என்று வாதிக்க இடமுண்டு. ஆனால் அந்த இரட்டையர்கள் கடைசியாகச் சோதிக்கப்பட்டது இருபது வயதை எட்டும் சமயத்தில். டுனீடின் நகரத்தாரைப் போல இருபது வருஷம் புகைத்தவர்கள் அல்லர். வழக்கு இன்னும் முற்றும் தீரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம்.

தீராத வழக்கில் என்ன செய்வது? கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனை விசாரிக்கும்போது சந்தேகத்தின் பலனைக் கைதிக்குக் கொடுக்க வேண்டும் என்பது நியாய சாஸ்திரம். அந்த விதி மனிதனைக் காப்பாற்ற ஏற்பட்டதே தவிர, ஒரு செடியைக் காப்பாற்ற ஏற்பட்டதன்று. கிணற்றில் விஷம் கலந்திருக்கிறதா இல்லையா என்று நிபுணர்கள் தர்க்கித்துக்கொண்டிருக்கும்போது, தீர்ப்பு வரும் வரையில் குழந்தைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்கலாம் என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். இங்கே சந்தேகத்தின் பலன் பிள்ளையைச் சேர்ந்தது.

சித்தப்பிரமை விஷயத்தில் சாக்ஷியம் இன்னும் பலமாயிருக்கிறது. ஸ்வீடன் தேசத்தில் கட்டாய ராணுவ சேவைக்கு வந்த 45,000-த்துக்கு மேற்பட்ட வாலிபர்களை 15 வருஷம் தொடர்ந்து கவனித்து 1987-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். சேவையில் சேருமுன் 50 தடவைக்கு மேல் கஞ்சா உபயோகித்தவர்களுக்கு, உபயோகிக்காதவர்களைக் காட்டிலும் ஸ்கிஸோஃப்ரினியா என்னும் கொடிய மனோவியாதி ஆறு மடங்கு அதிகமாகக் கண்டது. இதர காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது அந்த மடங்கு குறைந்தது, மறைந்துவிடவில்லை. புகைப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இவ்வியாதி வருவதில்லை என்பதும் மெய்யே. ஆனால் இவ்வியாதி முன்பே கண்ட குடும்பத்துப் பிள்ளைகள் கஞ்சாவின் பக்கமே போகலாகாது என்பதை வைத்தியர்கள் ஒருமுகமாகச் சொல்லுகிறார்கள். நமது வீடுகளில் இவ்வியாதியை மூடி மறைப்பதே வழக்கமாயிருப்பதால், யாருக்கு அதிக அபாயமோ அவனுக்கே அந்த அபாயம் தெரியாமல் போகிறது.

நமது முன்னோர் உபயோகித்தார்கள், காசியில் சிவராத்திரியன்று பாங்கு அருந்துகிறார்கள், லேகியங்களில் சேர்க்கிறார்கள், அவர்களுக்கு என்ன கெட்டுப்போயிற்று என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். வருஷத்தில் ஒரு நாள் அருந்துவதும் வாரத்தில் ஏழு நாள் புகைப்பதும் ஒன்றாகா. துறவியின் பழக்கம் பரீக்ஷைக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பிரமாணமும் ஆகாது. சரக்கின் வீரியமும் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் பறிமுதல் செய்த கஞ்சாவைச் சோதித்ததில், 1995-ல் நூற்றுக்குச் சுமார் 4 பங்கு இருந்த டி.எச்.ஸி. 2014-ல் சுமார் 12 பங்காக ஏறியிருந்தது. செடியின் பெயர் பழைய பெயராயிருந்தாலும், சத்து அங்கே மும்மடங்காகிவிட்டது.

மேல்நாடுகள் அனுமதித்துவிட்டன என்பதும் அரைகுறை உண்மையே. உருகுவே 2013-லும் கானடா 2018-லும் சட்டத்தை மாற்றியது வாஸ்தவம். ஆனால் கானடாவில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது குற்றம். பெரும்பாலான மாகாணங்களில் அவ்வெல்லை 19. கியூபெக் மாகாணம் அதை 21-க்கு உயர்த்திவிட்டது. அமெரிக்காவில் அனுமதித்துள்ள ராஜ்யங்களில் 21 வயதே எல்லை. ஆகவே வயது வந்தவர்களின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்ட தேசங்களுங்கூட, பிள்ளைகளின் மூளையைப் பணயம் வைக்க ஒப்பவில்லை. நம் ஊர்க் கலாசாலை மாணவன் இந்தத் தேசங்களைத் தனக்குச் சாக்ஷியாக அழைத்தால், அவை அவனுக்கு விரோதமாகவே சாக்ஷி சொல்லும்.

இனி நமது தேசத்துக்கு வருவோம். டெல்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகத்தார் மத்திய சர்க்காருக்காக நடத்தி 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, பாங்கு, கஞ்சா, சரஸ் இவற்றில் ஏதேனும் ஒன்றை முந்திய ஒரு வருஷத்தில் உபயோகித்தவர்கள் 3 கோடிக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் சுமார் 72 லக்ஷம் பேர் சிகிச்சையோ உதவியோ வேண்டிய நிலைமையில் இருந்தார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தைச் சிறைச்சாலைகளால் திருத்திவிடலாம் என்று நம்புகிறவர் யாராவது இருந்தால், அவர் நமது சிறைச்சாலைகளைப் பார்த்ததில்லை என்றே சொல்ல வேண்டும்.

1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின்படி கஞ்சா உபயோகித்தவனுக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒரு கிலோவுக்கு உட்பட்ட சிறு அளவை வைத்திருந்தால் ஒரு வருஷம் வரை கடுங்காவல் உண்டு. 20 கிலோவுக்கு மேற்பட்டால் பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை. மூட்டைக்காரனுக்கும் பொட்டலக்காரனுக்கும் சட்டம் பேதம் காட்டியிருப்பது சரியே. அதே சட்டத்தில் இரண்டு கருணையான பிரிவுகள் இருக்கின்றன. பழக்கத்துக்கு அடிமையானவனைத் தண்டிப்பதற்குப் பதிலாக அவன் சம்மதத்தின் பேரில் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று 39-வது பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் கொடுக்கிறது. உபயோகித்த குற்றமோ சிறு அளவு வைத்திருந்த குற்றமோ சாட்டப்பட்ட அடிமை, தானாக முன்வந்து சர்க்கார் அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், அவன் மேல் அவ்வழக்கு நடத்தலாகாது என்று 64-ஏ பிரிவு சொல்லுகிறது. இந்த வாசல்கள் இருப்பதே பெற்றோரில் பெரும்பாலோருக்குத் தெரியாது. 18 வயது நிறைந்த கலாசாலை மாணவன் ஒரு பொட்டலத்துடன் பிடிபட்டால், ஸ்டேஷனிலேயே இப்பிரிவுகளை அவனுக்கும் அவன் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டுமென்று சர்க்கார் உத்தரவு பிறப்பிக்க வேண்டும். கஞ்சா ஒரு மாதத்தில் மூளையை விட்டு அகலக்கூடும்; குற்றவாளி என்ற பெயர் ஆயுள் முழுதும் அகலாது. வேலைக்கும் வெளிதேசப் பயணத்துக்கும் அப்பெயர் குறுக்கே நிற்கும். பையனுடைய எதிர்காலத்தைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்ட சட்டமே அதற்குப் பெரிய கெடுதியைச் செய்வது தர்மமாகாது.

‘டாஸ்மாக் கடையில் மதுவை விற்கும் சர்க்கார் கஞ்சாவைக் கண்டிக்க என்ன யோக்கியதை’ என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே, சர்க்கார் அதற்குத் தலை குனியத்தான் வேண்டும். ஆனால் ஒரு தீமை விற்கப்படுவதால் மற்றொரு தீமை நன்மையாகிவிடாது. சர்க்காரின் வெட்கத்துக்காக ஒருவன் தன் ஞாபகத்தைத் தண்டமாகக் கட்ட வேண்டியதில்லை.

ஆகையால் நாம் கோருவது சிலவே. சர்க்கார் மூட்டைக்காரர்களையும் அவர்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும் முதலாளிகளையும் பிடிப்பதில் போலீஸின் பலத்தைச் செலுத்தட்டும். ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிகளில் இவ்வித நோயாளிகளை ரகசியம் காத்துக் கவனிக்கும் மனோவைத்தியர் எப்பொழுதும் கிடைக்கும்படி செய்யட்டும். விட்ட முதல் ஒன்றிரண்டு வாரத்தில் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை உண்டாவது சகஜம் என்பதை எடுத்துச் சொல்லித் தைரியம் கொடுக்கும் ஒருவர் இருந்தால், பெரும்பாலோர் அந்தக் கண்டத்தைத் தாண்டிவிடுவார்கள். நாம் மேலே காட்டிய நவீன ஆராய்ச்சிகள் நியூஜீலாந்திலும் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. விசாரணையில் உலகத்துக்கு வழிகாட்டிய தேசம், தன் பிள்ளைகளின் மூளையைப் பற்றிப் பிற தேசத்தாரின் கணக்கையே நம்பியிருப்பது நமக்குக் கௌரவமன்று. நமது சர்வகலாசாலைகள் இவ்வேலையை மேற்கொள்ள வேண்டும்.

உபாத்தியாயர்கள் பிள்ளைகளிடம் பொய் சொல்லலாகாது. ஒரு முறை புகைத்தால் பைத்தியம் என்று வகுப்பில் சொன்ன உபாத்தியாயரின் வார்த்தை, பக்கத்து வீட்டுப் பையன் ஒரு முறை புகைத்துவிட்டுச் சௌக்கியமாயிருப்பதைப் பார்த்தவுடன் செல்லாக் காசாகிவிடும். பிறகு அவர் சொல்லும் மெய்யையும் யாரும் வாங்கமாட்டார்கள். பெற்றோர்களோ, மார்க்குக் குறைவதையும் சொன்னது மறப்பதையும் கண்டவுடன் அடிப்பதையும் ஊரறியத் தூற்றுவதையும் விட்டு, முதலில் உட்கார வைத்துப் பேசட்டும். வைத்தியரிடம் அழைத்துப் போவதில் அவமானம் ஒன்றுமில்லை. மஞ்சட்காமாலை கண்டால் மறைக்கிறோமா?

வாலிபர்களுக்கு நாம் சொல்வது ஒன்று உண்டு. நிலமோ பணமோ இல்லாத குடும்பங்களில் பிறந்து, படித்ததை நினைவில் நிறுத்திய ஒரே பலத்தால் முன்னுக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டில் ஆயிரமாயிரம் பேர். பணக்காரன் பிள்ளை இரண்டு வருஷத்தை வீணாக்கினாலும் தகப்பன் சொத்து அவனைத் தாங்கும். ஏழையின் பிள்ளைக்கு உள்ள பூர்வீக சொத்து அவன் மூளை ஒன்றே. அதற்குக் காவல் போலீஸும் அல்ல, பத்திரிகையும் அல்ல, அவனேதான். இளம் பிராயத்தில் தொடங்குகிறவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் அதை விட முடியாமல் அடிமையாகிறார்கள் என்பது நிபுணர்களின் மதிப்பு. அந்த ஒருவன் யார் என்பதைத் தொடங்குமுன் எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. தொடாதவர்கள் தொடாமலே இருப்பார்களாக. தொட்டவர்கள் இன்றே விடுவார்களாக. விட்டால் தேறும் என்பதற்குப் போதிய சாக்ஷியம் இருக்கிறது. விட முயலுகிறவர்களைச் சர்க்காரும் சமூகமும் கைதூக்கிவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.